பாரம் பார்க்கும் ஆள்

வெள்ளிக்கிழமைச் சந்தை ஊரடிப் புளியந்தோப்பை விட்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பைபாஸ் ரோட்டுக்குப் போன வருஷம், வெள்வேலம்பாளையத்தில் மாடு வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வண்டி ஆசை வந்தது. அதுவரைக்கும் மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கிளுவை வேலி உரசும் இட்டேரியில் பேசிக்கொண்டே நடத்திப் போய், விற்றும் விற்காமலும் பேசிக்கொண்டே திரும்பி வந்தவர்கள், இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேசினார்கள். காளைகளின் சுழியையும் திமிலையும் பேசிய அதே வாயால், அதே நிதானத்தோடு, எந்த வண்டிக்குத் தொட்டி ஒன்பதடி, எதற்கு எட்டேகால், எது இட்டேரி முக்கில் ஒரே ஒடிப்பில் திரும்பும், எது மூன்று தடவை பின்னுக்கு வந்து வேலியை இடிக்கும், எதன் பின்கதவு சினைமாடு முட்டியை மடக்காமல் ஏறுகிற உயரத்தில் இருக்கிறது, வெள்ளை வண்டியைக் கண்டால் மயிலைக் காளை மிரளுமா மிரளாதா என்று வைகாசி பிறந்து ஆனி போய் ஆடிக்காற்று எழும்பும் வரைக்கும் பேசினார்கள்.

அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல், ஆனால் ஒரு நாளும் தவறாமல் அந்தப் பெஞ்சுக்கு எதிரே தரையில் குந்தியிருந்தவர் சென்னியப்பன். அறுபத்தொரு வயது. பதினாலு ஏக்கர் கொறங்காடு, அதில் மேய ஒன்பது மாடுகள், காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. ஆள் வெள்வேலங் குச்சி மாதிரி ஒல்லி. வேட்டியைச் சுற்றிக் கட்டினால் இன்னொரு சுற்றுக்கு மிச்சம் இருக்கும். ஏன் பெஞ்சில் உட்காராமல் தரையில் குந்துகிறார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி நல்லம்மாள், ஓசூரிலிருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம் இருந்து வருகிறேன் என்று போனவள். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பில் படித்தது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரு மாதம் என்பது குழந்தைக்குத் தலை நிற்கும் வரை என்றாகி, பல் முளைக்கும் வரை என்றாகி, மருமகளுக்கு ஷிப்ட் மாறும் வரை என்றாகி, யாரும் முடிவெடுக்காமலே ஏழு வருஷம் ஆகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று இவர் போகவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போன் வரும். சாப்பிட்டாச்சுங்களா, மழை உண்டுங்களா என்று அவள் கேட்பாள். முட்டி வலி எப்படி, பையன் படிக்கறானா என்று இவர் கேட்பார். பிறகு இரண்டு பேரும் சற்று நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பிறகு வைத்துவிடுவார்கள்.

வண்டி வாங்குவதில் முந்திக்கொண்டது நாச்சிமுத்து. சென்னியப்பனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரன், பங்காளி முறையில் தம்பி. தாராபுரம் ரோட்டிலிருந்த ஷோரூமுக்குக் கிளம்பும்போது அண்ணனையும் கூப்பிட்டான்.

"வாங்கண்ணா. தொட்டியில மாடு எப்படி நிக்கும்னு நின்னு பாத்துச் சொல்லோணும். உங்களுக்குத்தான் தெரியும் அது."

ஷோரூமில் சுகந்தி என்ற பெண் வண்டிகளைக் காட்டினாள். முப்பது வயதிருக்கும், எதற்கும் பதறாத முகம். சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கதவில் கால் வைத்துத் தொட்டிக்குள் ஏறினார். ஏறியதும் வண்டி மெல்ல, பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் விட்டு, பின்பக்கம் அமுங்கியது. ஸ்பிரிங் பட்டைகள் ஏழும் வளைவு போய்த் தட்டையாயின. முன்பக்கம், கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்ட காளை மாதிரித் தலையைத் தூக்கியது.

சுகந்தி கையிலிருந்த பேப்பரிலிருந்து நிமிர்ந்தாள். "பின்னாடி என்னங்க லோடு ஏத்துனீங்க?"

"ஆளுதானுங்க," என்றான் நாச்சிமுத்து.

"எத்தனை ஆளு?"

"ஒரு ஆளு."

அவள் சுற்றி வந்து பார்த்தாள். வண்டி பார்க்க வருகிறவர்கள் கருங்கல், நெல் மூட்டை, ஒரு தடவை கல்யாண வீட்டுச் சனம் முழுவதையும்கூட ஏற்றிப் பார்த்ததை எல்லாம் கண்டவள் அவள். பேப்பரில் 'பாரம்: ஒருவர்' என்று எழுதிக்கொண்டு, "பக்கத்துல எடை மேடை இருக்குதுங்க, பாத்துட்டே வந்துரலாம்," என்றாள்.

எடை மேடையில் சென்னியப்பனோடு சேர்த்து ஒரு தடவையும் இறக்கிவிட்டு ஒரு தடவையும் நிறுத்தார்கள். மிச்சம் தொள்ளாயிரத்துப் பத்து கிலோ. எடை மேடைக்காரர் சீட்டைக் கிழித்து நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். ஷோரூமுக்குத் திரும்புகிற வழியெல்லாம் நாச்சிமுத்து சீட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வீட்டுல கட்டில்ல படுக்கறீங்களேண்ணா. அது எப்படித் தாங்குது?"

"அது ஒடைஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. கீழதான் படுக்கறன்."

"எப்ப இருந்துங்ணா இப்படி?"

சென்னியப்பன் யோசித்தார். "தெரியலப்பா. ஒரே நாள்ல ஏறுனதா இருக்காது."

நாச்சிமுத்து அந்த வண்டியையே வாங்கினான். எடை மேடைக்குப் போன வழியில் தொள்ளாயிரம் கிலோவைத் தூக்கிக்கொண்டு மேம்பாலம் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டானே.

ஊர் இதை எடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ரத்தக் கொதிப்பு பார்த்து, சர்க்கரை பார்த்து, இரண்டும் இல்லை என்று சொல்லி, எடை பார்க்கும் மிஷின் முள் வளைந்துபோனதற்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். மாரியம்மன் கோவில் பூசாரி, கெட்டது எதுவும் தெரியவில்லை, பாரம் என்பது ஒரு குணம், கருப்பு சிவப்பு மாதிரி என்றார். அதற்கப்புறம் பயம் போய், என்னவெல்லாம் செய்யலாம் என்கிற யோசனை வந்தது. ஆடிக்காற்றில் தகரக் கூரை தூக்கிக்கொண்டு போகப் பார்த்த வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, கூரையைக் கட்டிய கயிற்று நுனியைக் கையில் கொடுத்துச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். புதிதாக மண் போட்ட களத்தில் காலையிலும் பொழுதோடவும் நடக்கவைத்தார்கள், களம் சிமெண்டு மாதிரி இறுகியது. தேர் இறக்கத்தில் ஓடாமல் இருக்க, வழக்கமாகச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் நாலு ஆளுக்குப் பதிலாக அவர் கையில் பின்வடத்தைக் கொடுத்தார்கள், அவர் நின்ற இடத்தில் தேர் நின்றது. அவர் கொறங்காட்டில் நடந்த தடமெல்லாம் சாண் ஆழத்துக்குக் குழிந்தது. மழை பெய்தால் அந்தக் காலடிக் குழிகளில் தண்ணீர் நின்றது, கன்றுக்குட்டிகள் ஒவ்வொரு குழியாகக் குடித்துக்கொண்டே அவர் போன வழியில் போயின.

ஆனால் எல்லாவற்றையும்விட, வண்டி வாங்குவதற்குத்தான் அவர் தேவைப்பட்டார். ஷோரூமில் பேப்பரில் போட்டிருப்பதை எவன் நம்புவான். சென்னியண்ணன் ஏறி நின்று பட்டை தாங்கினால்தான் வண்டி. மூலனூரிலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும்கூட மாட்டுக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். அவருக்குக் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்து, மரியாதையாக முன்னால் விட்டுப் பின்னால் நடந்து, "ஒம்பதடி தொட்டியில நின்னு பாருங்கண்ணா, அப்பறம் எட்டேகால்ல நின்னு பாருங்க, ரெண்டுல எது உங்களுக்குத் தோதா இருக்குது," என்று கேட்டார்கள். சுகந்தி, புது வண்டிகள் கெட்டுப்போகக் கூடாதென்று, ஓட்டிப் பார்க்கவென்றே வைத்திருந்த ஷோரூமின் பழைய சாம்பல் நிற வண்டியில் அவரை ஏற்றி ஒரு சுற்று விட்டுக் காட்டினாள். அவரும் தொட்டிக்குள் மாடு மாதிரித் தலையைத் தாழ்த்தி நின்று, வண்டி திரும்பும்போது எந்தக் கால் வழுக்கும், எங்கே ஒரு குறுக்குக் கட்டை அடிக்க வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பா வைக்கோலா என்று பொறுமையாகச் சொன்னார். வாங்குபவர்கள் அவர் சொல்வதை மந்திரம் போலக் கேட்டார்கள். அந்த நேரங்களில் அவருக்கு மனசு நன்றாக இருந்தது. யாரோ ஒருவர் தான் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருக்கிறார் என்பதே நன்றாக இருந்தது.

பிறகு வண்டிக்கு மாலை போடுவார்கள், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், உடைத்த தேங்காயில் முதல் சில்லை அவர் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் எல்லோரும், பெண்டுகளும் குழந்தைகளும், ஏறி உட்கார்வார்கள். வண்டிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தயங்கித் தயங்கிச் சொல்வான்.

"அண்ணா, புது வண்டிங்க, பட்டையெல்லாம் புதுசு. நீங்க மெல்ல நடந்து வந்துர்றீங்களா?"

"போங்கப்பா, போங்க. நான் வாரன்," என்பார் அவர்.

டவுன் பஸ் கண்டக்டர் ஏற்கெனவே கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாமுங்க என்று சொல்லியிருந்தார். ஷோரூமிலிருந்து ஊருக்குப் பதினாறு கிலோமீட்டர். அப்படிப் பத்தொன்பது வண்டிகளை அவர் நின்று பார்த்துத் தேர்ந்து கொடுத்தார். பத்தொன்பது தடவையும் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு ரோட்டோர மண்ணில் குழி விழ விழத் தனியாக நடந்து வீடு சேர்ந்தார். வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு வண்டி பார்த்தேன், முன்பக்கம் ஆட்டுக்கிடா மூஞ்சி மாதிரி இருந்தது என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐப்பசியில் அவருடைய செவலை மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்று உள்ளே திரும்பியிருந்தது. தாராபுரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாச்சிமுத்து தன் வண்டியை ஓடிப்போய் எடுத்து வந்தான். நாலு பேர் சேர்ந்து மாட்டை ஏற்றினார்கள். சென்னியப்பன் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறப் போனபோது நாச்சிமுத்து குறுக்கே வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, மாட்டையும் உங்களையும் சேத்துத் தாங்காதுங்ணா. உங்களுக்கே தெரியும். நீங்கதானே பாத்துச் சொன்னீங்க."

வாஸ்தவம்தான், அவர்தான் சொல்லியிருந்தார். வண்டி கிளம்பியது. ஒரு நாளும் அவரில்லாமல் வேலிக் கடவைத் தாண்டாத செவலை, கட்டைகளுக்கு நடுவே தலையை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டே இட்டேரி முக்கில் மறைந்தது. அவர் பின்னாலேயே நடந்தார். உச்சிப்பொழுது சாய்ந்து போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் செவலை எழுந்து நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத ஒரு கிடாரிக் கன்று, நாலு காலையும் நாலு திசையில் ஊன்றி நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து டீ குடிக்கப் போயிருந்தான். சென்னியப்பன் போனை எடுத்து ஓசூருக்குப் போட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில்.

"என்னுங்க, வியாழக்கெழமை கூப்புடறீங்க? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றாள் நல்லம்மாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. செவலை இருக்குதல்ல..."

"இருங்க, இருங்க. பையன் பள்ளிக்கூடத்து வேன் வர்ற நேரம், அடுப்புல வேற வெச்சிருக்கறன். ஞாயித்துக்கெழமை சொல்லுங்க, நிதானமாக் கேக்கறன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள். அவருக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. மழை இல்லை என்று சொன்னார். அடுத்த வாரம் மூலனூர்க்காரர் ஒருவருக்காக எடை மேடையில் நின்றபோது ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று வந்தது. நல்லா ஏறியிருக்கீங்கண்ணா, இனிப் பெரிய வண்டியும் பாக்கலாம் என்று மூலனூர்க்காரர் சந்தோஷப்பட்டார்.

அதற்கடுத்த நாள் சென்னியப்பன் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு தனியாக ஷோரூமுக்கு நடந்தார்.

"வாங்கய்யா. இன்னைக்கு வாங்கறது யாருங்க?" என்றாள் சுகந்தி.

"நாந்தானுங்க அம்மிணி."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அத்தனை நாளும் தொட்டியில் நின்ற மனிதரை அன்றைக்கு ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்தாள். வாலிபத்தில் அரிசி மில் லாரி ஓட்டியவர், கை மறக்கவில்லை. முதல் வண்டி உட்கார்ந்ததுமே வலது பக்கம் சாய்ந்து சக்கரம் மட்கார்டில் உரசியது. இரண்டாவது வண்டியில் இடது முன்சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. அவர் இறங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது பேருக்குச் சொன்ன அதே நிதானத்தோடு, "இது எனக்கு ஆகாதுங்க. தப்பு வண்டி மேல இல்ல," என்றார்.

சுகந்தி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அந்தப் பழைய சாம்பல் நிற வண்டி நின்றது. பத்தொன்பது தடவை அவரைச் சுமந்து அதன் பட்டைகள் வேறு ஒரு வளைவுக்கு வந்திருந்தன. வேறு யார் ஏறினாலும் கடகடவென்று குலுக்கியது, அதனால் விற்க முடியாமல் கிடந்தது.

"இதைப் புதுசுன்னு சொல்லி விக்க எனக்கு வாய் வராதுங்கய்யா. ஆனா இது உங்களுக்குப் பழகுன வண்டி."

அவர் ஏறி உட்கார்ந்தார். வலது பக்கம் சாய்ந்தது, ஆனால் உரசவில்லை. சாவியை முறுக்கியதும் கிளம்பியது.

"எங்கீங்கய்யா போறீங்க, மொதல்ல?" என்று கேட்டாள் சுகந்தி.

"ஓசூருக்கு. வண்டியக் காட்டறதுக்கு."

நாச்சிமுத்து கடவடியில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் குனிந்து பட்டையையும் பார்த்தான்.

"ரெண்டு நாளைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்," என்றார் சென்னியப்பன்.

"காட்டறனுங்ணா. இதை ஏன்ணா ஏழு வருசமாக் கேக்கல?"

"நீ ஏன்டா சொல்லல?"

பக்கத்துப் பக்கத்துக் காடு, நடுவில் ஒரு கிளுவை வேலி, அதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. நாச்சிமுத்து மாட்டுத் தொட்டியைப் பார்த்து நடந்தான்.

விடிகாலையில் கிளம்பியவர் ஈரோடு, சேலம், தருமபுரி என்று வலது பக்கம் சாய்ந்தபடியே போனார். தாண்டிப் போகிற லாரிக்காரர்கள் ஜன்னல் வழியே கையைக் காட்டி, பட்டை ஒடிஞ்சிருக்கு, பட்டை ஒடிஞ்சிருக்கு என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டி நன்றி சொன்னார். மகன் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தைக் கண்டுபிடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. லிப்டைப் பார்த்தார், அது தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது, படியில் ஏறினார். நாலாவது மாடி. ஒவ்வொரு படிக்கும் கட்டடம் தொண்டையைக் கனைத்தது.

கதவைத் திறந்தது நல்லம்மாள்தான். தலை நிறைய நரைத்திருந்தது. அவளும் அவரைப் போலவே ஒல்லியாகிப் போயிருந்தாள்.

"ஏனுங்க, சொல்லாம கொள்ளாம."

"வண்டி வாங்குனன். காட்டலாம்னு வந்தன்."

அவள் வழிவிட்டாள். அவர் உள்ளே கால் வைக்கப் போய், நின்றார். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். அதில் அடுப்படியிலிருந்து பால்கனி வரைக்கும் ஒரு வரிசை மட்டும், காலடி காலடியாக, நொறுங்கிக் குழிந்திருந்தது. சில குழிகளில் புது டைல்ஸ் பதித்து, அதுவும் நொறுங்கியிருந்தது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லம்மாள் அவர் தோளுக்குப் பின்னால், விரிசல் விட்ட படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை?" என்று கேட்டார் அவர்.

"நிறுத்துப் பாத்ததில்லீங்க. லிப்டுல ஏறுனா மணியடிச்சுட்டே நிக்குது. நாலு வருசமாக் கீழ எறங்கல."

"படியில எறங்கலாமே."

"எறங்கி எங்க போறதுங்க?"

அந்தக் கட்டடத்து மனிதர்களும் அவர்கள் வழியில் அதைப் பழக்கப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் கூரைக்கு இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்துக்கொண்டார்கள். துணி துவைக்கும் மிஷின் ஆடினால் பக்கத்து வீட்டுப் பெண்கள், ஆண்ட்டி ஒரு நிமிஷம் என்று கூப்பிட்டு அதன்மேல் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். ஆட்டம் நின்றதும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மகன் கதிர்வேல் ஆறு மாதத்துக்கொரு தடவை கொத்தனாரைக் கூப்பிட்டு டைல்ஸ் மாற்றினான். ஏன் உடைகிறது என்று அம்மாவிடம் அவன் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவனுக்குள் ஒரு பயம் இருந்தது.

பொழுதோட அவன் வேலை முடிந்து வந்தான். அப்பா தரையிலும் அம்மா தரையிலும் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து, பையைக்கூட இறக்காமல் நின்றான்.

"அம்மா ஊருக்கு வரட்டுமாப்பா?" என்றார் சென்னியப்பன்.

கதிர்வேல் டைல்ஸைப் பார்த்தான். "பையன் ஸ்கூல்ல இருந்து வந்தா யாரு..." என்று தொடங்கினான். பிறகு அதை விட்டுவிட்டான். "நாங்க பாத்துக்கறோமுங்கப்பா. மொதல்லயே பாத்திருக்கோணும்."

மறுநாள் காலையில் கதிர்வேல் பையனை வேனில் ஏற்றிவிட்டதும் நல்லம்மாள் படியில் இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, ஒரு கை சுவரில். இவர் இரண்டு படி முன்னால் போனார். கீழே வந்து மண்ணில் கால் வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். பாதம் மெல்லப் புதைந்தது. டைல்ஸ் மாதிரி நொறுங்காமல், சத்தம் போடாமல், மண் அவள் காலை வாங்கிக்கொண்டது. அவள் காலை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வண்டி நல்லாருக்குதுங்க," என்றாள்.

"பழசுதான்."

"இருக்கட்டும்."

அவள் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. ஆனால் சாய்வு போய், நேராக நின்றது. பேப்பரில் போட்டிருந்த கணக்குக்கு மேல் எவ்வளவோ இருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். பத்தொன்பது பேருக்கும் இது ஆகாது என்றுதான் சொல்லியிருப்பார். சாவியைத் திருகினார்.

இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரி தாண்டி, பொழுது மேற்கே சாய்கிற நேரத்துக்குத் தொப்பூர்க் கணவாயின் தலைக்கு வந்தார்கள். அங்கிருந்து மலை இறக்கம். வண்டியை ஓரம் கட்டினார்.

"இங்க இருந்து எறக்கம். நம்ம ரெண்டு பேர்த்த வெச்சுட்டுப் பிரேக் புடிக்குமான்னு தெரியல. நீ வேண்ணா இங்கயே உக்காரு. நான் எறக்கிட்டு, ஏறி வந்து..."

"ஏறி வந்து?"

"நடந்து போலாம், நீயும் நானும்."

அவள் கதவைத் திறக்கவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "நாலு வருசம் ஒரே எடத்துல உக்காந்திருந்தனுங்க," என்றாள்.

முதல் கியரில் இறங்கினார். வண்டி முனகியது. வளைவுக்கு வளைவு பிரேக் கட்டை கருகுகிற வாசனை வந்தது. பின்னால் வந்த லாரிகள் முதலில் ஹாரன் அடித்தன. பிறகு, அந்தச் சின்ன வண்டி காலித் தொட்டியோடு அத்தனை தாழ்ந்து, அத்தனை மெல்ல, தேர் இறங்குவது போல இறங்குவதைப் பார்த்தோ என்னவோ, ஒலியை நிறுத்திவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாற்பது ஐம்பது வண்டிகள் இருக்கும், ஒன்றும் முந்தவில்லை.

அந்த இறக்கத்தில்தான் நல்லம்மாள் பேசத் தொடங்கினாள். பால்கனியிலிருந்து தெரியும் ஒரு காலி மனையைப் பற்றிச் சொன்னாள். அதில் யாரோ ஒரு எருமையைக் கட்டியிருந்தார்கள், அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நாள் அங்கே கட்டடம் எழும்பிவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் தூங்காமல் மடியில் வைத்திருந்ததைச் சொன்னாள். எழுந்து நின்றபோது காலுக்கடியில் டைல்ஸ் முதல் தடவையாக உடைந்த சத்தத்தைச் சொன்னாள். அதை யாரிடமாவது சொல்ல ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, போனை எடுத்ததும் மழை உண்டுங்களா என்று வாயில் வந்துவிட்டதைச் சொன்னாள். சென்னியப்பன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். சொல்ல அவருக்கும் ஏழு வருஷத்துக்கு இருந்தது. அது பிறகு ஆகட்டும் என்று தோன்றியது.

அடிவாரத்தில் சமதரை வந்ததும் வண்டி தானாகவே நின்றது போல நின்றது. சக்கரங்களிலிருந்து புகை எழும்பியது. லாரிகள் ஒவ்வொன்றாக விலகித் தாண்டிப் போயின. ஒரு டிரைவர் கையை உயர்த்திவிட்டுப் போனான். சென்னியப்பன் இறங்கிச் சக்கரங்களில் தண்ணீர் ஊற்றப் போய், சூட்டில் ஊற்றக் கூடாது என்று நினைத்து, மிச்சத் தண்ணீரை அவளிடம் கொடுத்தார். அவள் அண்ணாந்து குடித்தாள்.

"ஆறட்டும். அப்பறம் போலாம்," என்றார்.

"இன்னும் எத்தனை தூரமுங்க?"

"நூத்தி அறுபது இருக்கும்."

அவள் சேலம் போகிற ரோட்டைப் பார்த்தாள். மனசுக்குள் எதையோ வைத்து அளந்து பார்க்கிறவளைப் போல ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவ்வளவுதானுங்களா," என்றாள்.